ஐந்து எண்களுக்கு மேலே ஒரு வரி தமிழ்

திருப்பூர் பனியன் கம்பெனிகள் சிலவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாரக் கூலிக் கணக்கு, இரவு பேக்கப், ஆர்டர் பட்டியல் என்று யாரும் பக்கத்தில் இல்லாதபோது ஓட வேண்டிய வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டுவது கிரான். யூனிக்ஸில் 1970களில் பிறந்தது. இன்று லினக்ஸில் பரவலாகப் புழங்குவது, பால் விக்ஸி 1987-ல் வெளியிட்ட வடிவத்தின் வழிவந்தது.

அதற்கு நேரம் சொல்ல ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எதுவானாலும் சரி என்று பொருள். ஞாயிறு 0, சனி 6. '0 16 * * 6' என்றால் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணி. இதைப் பத்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லித்தந்துவிடலாம். அந்த எளிமையை நம்பித்தான் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

ஒரு கம்பெனியில் தொழிலாளர்கள் வாங்கிய முன்பணத்தை மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் பிடிப்பார்கள். அதற்கு '0 8 1-7 * 6' என்று எழுதியிருந்தார்கள். ஒன்றாம் தேதி முதல் ஏழு வரை, சனிக்கிழமை, காலை எட்டு மணி. படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். முதல் ஏழு நாளும் ஓடும், அப்புறம் வருகிற சனிக்கிழமை எல்லாவற்றிலும் ஓடும். ஒருமுறை பிடிக்க வேண்டிய தவணை மாதத்தில் பத்து முறையாவது பிடிபடும். இது கிரானின் கோளாறு அல்ல. கையேட்டிலேயே இருக்கிற விதி.

கண்டுபிடித்தவர் கணக்குப் பிரிவு அக்கா. "தம்பி, ஒரு தவணைதானே பிடிக்கணும், தினமும் பிடிச்சிருக்கே?" என்று சம்பளச் சீட்டு அச்சாகும் முன்பே கேட்டார். யாருக்கு எந்த வாரம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவ்வளவு தெரிந்தவர் சரிபார்க்க அந்த வரியில் ஓர் எழுத்துகூட இல்லை. அன்று அவர் லீவு போட்டிருந்தால் தையல்காரர்களின் கூலியில் கைவைத்திருப்போம். திருத்தம் சின்னதுதான்: சனிதோறும் ஓடட்டும் என்று '0 8 * * 6' போட்டு, தேதி ஏழைத் தாண்டியிருந்தால் நிரலே நின்றுவிடும்படி செய்தோம்.

ஆகவே நான் வலியுறுத்துவது இது. கிரானில் ஹேஷ் குறி போட்டுத் தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காது. அங்கே தமிழில் எழுதுங்கள்: 'மாதத்தின் முதல் சனி மட்டும், காலை 8, முன்பணப் பிடித்தம்.' எண்களை எழுதும் முன்பே இதை எழுதி, அந்த வேலைக்கு உரியவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். எண்களைக் கொடுத்தால் விளக்கிச் சொல்லும் தளங்கள் இருக்கின்றனவே என்று இளம் நிரலாளர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை நாம் எழுதியதைத்தான் சொல்லும். நாம் நினைத்தது என்ன என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? இரவு இரண்டு மணிக்கு ஒரு பேக்கப் வேண்டும் என்று நினைத்து '* 2 * * *' என்று எழுதினால், இரண்டு மணி தொடங்கி நிமிடத்துக்கு ஒன்றாக 60 முறை ஓடும். அதுதான் நோக்கமா என்று எந்தத் தளமும் கேட்காது.

எந்த ஊர் நேரம் என்பதையும் அந்தத் தமிழ் வரியில் சேர்க்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். திங்கள் காலை ஐந்து மணிக்கு ஆர்டர் பட்டியல் வர, அங்கே '30 23 * * 0' என்று ஞாயிற்றுக்கிழமையைத்தான் போட வேண்டும். மேலே விளக்கம் இல்லையென்றால், அடுத்து வேலைக்கு வருகிற பையன் 'திங்கள்தானே கேட்டார்கள்' என்று நல்லெண்ணத்தோடு 0-வை 1 ஆக்குவான். பட்டியல் செவ்வாய் காலைதான் வரும்.