வைட்டமின் ஊசி போட்டா தெம்பு வருமா... வெயிட் குறையுமா?

"ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், ஒரு சத்து ஊசி போட்டு விடுங்களேன்." தெருமுனை கிளினிக்குகளில் தாத்தா பாட்டி காலத்திலிருந்து கேட்கும் வசனம் இது. அதே ஊசிதான் இப்போது 'எனர்ஜி ஷாட்', 'ஃபேட் பர்னர்', 'ஐ.வி. டிரிப்' என்று புதுப் பெயர்களில் இன்ஸ்டா ரீல்ஸுக்கு வந்திருக்கிறது. ஏசி அறை, சாய்வு நாற்காலி, கையில் மஞ்சள் நிற டிரிப். சோர்வும் போகும், வெயிட்டும் குறையும் என்கிறார்கள். உண்மையா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சத்துக் குறைபாடு இருப்பவருக்கு வைட்டமின் ஊசி நல்ல மருந்து. குறைபாடு இல்லாதவருக்கு அது தெம்பும் தராது, கொழுப்பையும் கரைக்காது. நாம் எந்தப் பக்கம் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ஊசிக்குக் கை நீட்டுவதுதான் பிரச்னை.

யாருக்கு ஊசி தேவை?

அதிகம் போடப்படும் பி12 ஊசியையே எடுத்துக்கொள்வோம். 1920-கள் வரை 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற ரத்தசோகை வந்தால் பிழைப்பது அபூர்வம். 1926-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் சாப்பிடக் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். 1934-ல் ஜார்ஜ் விப்பிளுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் வேலை செய்த அந்தப் பொருளை 1948-ல் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி12. ஆக, இது ஏமாற்று வேலை இல்லை. சரியான ஆளுக்குப் போட்டால் உயிர் காக்கும் மருந்து.

அந்தச் சரியான ஆள் யார்? பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் பி12 இயற்கையாகக் கிடைக்கிறது. அதனால் பால்கூடத் தொடாத வீகன்கள், பால் பொருள்கள் குறைவாகச் சாப்பிடும் சைவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாக எடுப்பவர்கள், அசிடிட்டி மாத்திரையை நிறுத்தாமல் போடுபவர்கள், வயிறு அல்லது குடலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். கை கால் மதமதப்பு, நாக்கில் எரிச்சல், மறதி, நடையில் தள்ளாட்டம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

மத்தவங்களுக்கு ஏன் வேலை செய்யாது?

வைட்டமினில் கலோரி கிடையாது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஆற்றலை எடுக்க அது உதவுகிறது, அவ்வளவுதான். பைக்கில் இன்ஜின் ஆயில் மாதிரி. ஆயில் குறைஞ்சா வண்டி திணறும். சரியான அளவு இருக்கும்போது இன்னும் ஒரு லிட்டர் ஊத்தினா மைலேஜ் ஏறாது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஒரு ஊசியில் 1,000 அல்லது 1,500 மைக்ரோகிராம் இருக்கும். உடம்பு பிடித்து வைத்தது போக மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

"ஆனா டிரிப் போட்டப்போ எனக்கு நல்லா இருந்துச்சே?" இருந்திருக்கலாம். தண்ணீர் குடிக்காமல் காய்ந்துபோன உடம்புக்குள் அரை லிட்டர் திரவம் போயிருக்கிறது. முக்கால் மணி நேரம் போனைத் தள்ளி வைத்துப் படுத்திருக்கிறோம். தெம்பு வரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமான 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் ஜூஸே அந்த வேலையைச் செய்துவிடும்.

வெயிட் குறையுமா?

குறையாது. பி12 ஊசியோ, மெத்தியோனின், இனோசிட்டால், கோலின் கலந்த 'லிப்போட்ரோபிக்' ஊசியோ கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. பல இடங்களில் ஊசியோடு ஒரு டயட் சார்ட்டும் தருவார்கள். வெயிட் குறைந்தால் அது அந்த சார்ட் செய்த வேலை. பெயர் மட்டும் ஊசிக்கு.

செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பசியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். எடை குறைவதற்கு அவற்றில் ஆதாரம் உண்டு, பக்கவிளைவும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது.

"போட்டா நஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

இருக்கிறது. 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி நம் ஊரில் சாதாரணமாகப் போடப்படுகிறது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின், மிச்சம் சிறுநீரில் வெளியேறாது. தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் பாதிக்கப்படும். நரம்புக்கு நல்லது என்று போடும் கலவை ஊசிகளில் உள்ள பி6, அளவு மீறித் தொடர்ந்தால் நரம்பையே கெடுக்கும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி டிரிப் ரத்த அணுக்களை உடைத்துவிடும். சுத்தம் இல்லாத இடத்தில் நரம்பில் ஊசி ஏறினால் கிருமியும் நேராக ரத்தத்தில் ஏறும்.

இவற்றைவிடப் பெரிய நஷ்டம், நிஜக் காரணம் மறைந்துபோவது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. தைராய்டு, சர்க்கரை, சரியில்லாத தூக்கம், மனச்சோர்வு எல்லாமே முதலில் 'டயர்டா இருக்கு' என்றுதான் காட்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு ஷாட் போட்டுச் சமாளித்தால், கண்டுபிடிக்க வேண்டிய நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

அப்போ என்ன பண்ணலாம்?

சோர்வு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றில் எது தேவை என்று அவர் சொல்வார். ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு எடுத்தால் பி12 அளவு ஏறித்தான் தெரியும்.

ஊசி எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு எந்தச் சத்து குறைவு? இந்த மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கு? மாத்திரை போதாதா? பி12 குறைபாடு உள்ள பலருக்கு அதிக அளவு மாத்திரையே போதும்.

கேள்வி கேட்க வேண்டியது நாம் மட்டும் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம், சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்யத் தடை போடுகிறது. அந்த நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. அப்படியிருக்க, 'கொழுப்பைக் கரைக்கும் ஊசி' ரீல்ஸ் நம் ஃபீடில் தாராளமாக எப்படி ஓடுகிறது? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போனைத் திறந்து பார்த்தாலே போதும். நடவடிக்கையை அங்கிருந்தே தொடங்கலாம்.