சபராளிகளே! உங்கள் சம்பளம் யார் கணக்கில்?



சமயநல்லூரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் சுவரோரம் ஒரு சகோதரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பதினான்கு வயதுப் பையன். கையில் ஒரு பழைய டைரி. "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார்.

டைரியில் தேதி வாரியாக ரியால் கணக்கு எழுதியிருந்தது. எல்லாம் அவர் கணவரின் கையெழுத்து. சவூதியில் ஒன்பது வருடம் ஏ.சி. மெக்கானிக். கஃபீலுக்கு வருடா வருடம் பணம் கட்டிவிட்டு வெளியே வேலை பார்த்தவர். இகாமா ஒரு வருடம் இருக்கும், ஒரு வருடம் இருக்காது. அவர் பெயரில் வங்கிக் கணக்கே கிடையாது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் உண்டியலில் அனுப்புவார். மீதியை, கூட ரூமில் இருந்த ஊர்க்காரரின் கணக்கில் போட்டு வைத்தார். வீடு கட்டும்போது மொத்தமாக வாங்கிக் கொள்ளலாம் என்று எண்ணம். ஓர் இரவு நெஞ்சு வலி. மய்யித்தை அங்கேயே அடக்கினார்கள். பெட்டியில் சட்டை துணியோடு இந்த டைரி வந்தது.

ரூம்காரர் லீவில் வந்தபோது ஜமாஅத்தில் உட்கார வைத்துக் கேட்டோம். "அப்பப்ப வாங்கிக்கிட்டாரு, பாக்கி ஒண்ணும் இல்லை" என்றார். பொய்யா, மெய்யா? அல்லாஹ் அறிவான். எங்களிடம் டைரி இருந்தது. அவர் கையொப்பம் இல்லை, சாட்சி இல்லை, ரசீது இல்லை. பஞ்சாயத்து கலைந்துவிட்டது. அந்தச் சகோதரி இன்று பரவை மார்க்கெட்டில் கூலி வேலைக்குப் போகிறார்.

சகோதரர்களே! இதில் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. "பேங்க் என்றாலே வட்டிக் கடை, அந்த வாசலை மிதிக்காதீர்கள்" என்று அந்தக் காலத்தில் பயான் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சகோதரி அதை நினைவுபடுத்தினார். "நீங்க சொன்னதைத்தான் அவரு கேட்டாரு ஹஜ்ரத்." அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

வட்டி வேறு, கணக்கு வேறு

வட்டி ஹராம். இதில் இரண்டு பேச்சு இல்லை, இனியும் இருக்காது. ஆனால் கணக்கு வைப்பதும் வட்டி வாங்குவதும் ஒன்றா? கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டியே கிடையாது என்பது கடை வைத்திருக்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் தெரியும். நீங்கள் வேலைக்குப் போகும் நாடுகளிலோ வட்டியில்லா வங்கிகள் எப்போதோ வந்துவிட்டன. துபை இஸ்லாமிய வங்கி 1975ல் தொடங்கியது. குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் 1977ல், கத்தர் இஸ்லாமிய வங்கி 1982ல். அந்த ஊரிலேயே பத்து வருடம் இருந்துவிட்டு "வட்டிக்குப் பயந்துதான் கணக்கு திறக்கவில்லை" என்று சொன்னால் அது பேணுதலா, சோம்பலா?

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது! வட்டியைத் தடுக்கும் வசனங்களை மேடைதோறும் சொன்னோம். அவற்றை அடுத்தே வரும் இந்த வசனத்தை ஏன் சொல்லாமல் விட்டோம்? "நம்ம ஆளுதானே, எழுத்து எதுக்கு?" என்ற பேச்சு மார்க்கத்தில் இல்லாதது. நம்ம ஆள் என்பதால்தான் எழுத வேண்டும். எழுதி வைத்தால் நட்பும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

உண்டியல் ஏன் வந்தது, ஏன் போக வேண்டும்?

உண்டியல்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. 1973ம் வருட அந்நியச் செலாவணிச் சட்டம் இருந்த காலத்தில் டாலருக்கு அரசு ஒரு விலை சொல்லும், சந்தை வேறு விலை சொல்லும். டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதை மாற்றப் போனால் பேங்கில் கைலி கட்டியவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். உண்டியல்காரரோ மறுநாளே வாசலில் வந்து பணத்தை எண்ணி வைத்தார்.

அந்தக் காலம் போய்விட்டது. 2000 ஜூன் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் ஃபெமா வந்துவிட்டது. இன்று அங்கே அனுப்பிய பணம் அநேகமாக அன்றைக்கே இங்கே கணக்கில் ஏறுகிறது. அனுமதி பெற்ற வங்கியோ நிறுவனமோ வழியாக அல்லாமல், வெளிநாட்டில் இருப்பவருக்காக இங்கே பணம் வாங்குவதையே சட்டம் தடுக்கிறது. அனுப்பியவர் மட்டுமல்ல, வாங்கிய மனைவியும் வாங்கிய தகப்பனும் சிக்குவார்கள். தண்டம் சம்பந்தப்பட்ட தொகையில் மூன்று மடங்கு வரை போகலாம். பத்துக் காசு கூடுதல் ரேட்டுக்காக வீட்டுப் பெண்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது கெட்டிக்காரத்தனமா?

வியாபாரிகளே, உங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தம்பி உண்டியலில் அனுப்பிய ரொக்கத்தைக் கடைக் கணக்கில் போடுகிறீர்கள். வருமானவரி அதிகாரி "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? தம்பியின் கணக்கிலிருந்து முறையாக வந்திருந்தால் ஒரு காகிதத்தில் பதில் முடிந்துவிடும். அது இல்லாவிட்டால், ஹலாலாக வேர்வை சிந்திய காசும் கள்ளப் பணம் போலத்தான் நிற்கும்.

குவைத்தை மறந்துவிட்டோமா?

1990 ஆகஸ்ட் 2. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. சுமார் 1,70,000 இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் வழியாக விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அதில் நம் தமிழ்நாட்டு மக்களும் ஏராளம். இடுப்பில் குவைத் தினாரை முடிந்துகொண்டு வந்து, மாற்ற ஆளில்லாமல் விழித்தவர்கள் உண்டு.

பிறகு ஐ.நா. சபை நஷ்டஈட்டுக் கமிஷன் அமைத்தது. குவைத்தை விட்டு வெளியேறியதைக் காட்டினாலே தனி ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர் என்று ஒரு பிரிவு. சம்பளம், சேமிப்பு, சாமான் என்று சொந்த இழப்பைக் காட்டி 1,00,000 டாலர் வரை கேட்பதற்கு இன்னொரு பிரிவு. அதற்கு ஆதாரம் வேண்டும். வங்கிக் காகிதம் வைத்திருந்தவருக்குப் பேச வாய் இருந்தது. கபாட்டிலும் கஃபீலிடமும் பணம் வைத்திருந்தவர் எதைக் காட்டுவார்? ஒரே வேலை, ஒரே துயரம். வித்தியாசம் ஒரு காகிதம்!

அங்கே கணக்கு திறப்பது எப்படி?

அந்த நாட்டுக் குடியிருப்பு அட்டை கையில் கிடைத்ததும் முதல் வேலை இதுதான். அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐ.டி., பாஸ்போர்ட், கம்பெனி தரும் சம்பளச் சான்று. சவூதியில் செல்லுபடியாகும் இகாமா, உங்கள் பெயரிலேயே பதிவான மொபைல் எண். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டும் வேலை அனுமதியும். பெரும்பாலும் இவ்வளவுதான்.

சம்பளத்தை வங்கி வழியாகத் தர வேண்டும் என்ற முறை அமீரகத்தில் 2009லும் சவூதியில் 2013லும் கத்தரில் 2015லும் வந்தது. நல்ல ஏற்பாடு. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தினால் உங்கள் கணக்கே சாட்சி சொல்லும். ஆனால் அதிலும் ஓட்டைகள் உண்டு. வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் நெடுங்காலம் அதற்கு வெளியே நிறுத்தினார்கள். குறைந்த சம்பளக்காரருக்குப் பல இடங்களில் கணக்குக்குப் பதிலாக ஒரு சம்பள அட்டை மட்டும் கொடுக்கிறார்கள். "கணக்கு வேண்டும்" என்று போனால் 3,000 திர்ஹம் இருப்பு, இவ்வளவு சம்பளம் என்று நிபந்தனை சொல்லும் வங்கிகள் இருக்கின்றன. ஆயிரம் திர்ஹம் வாங்கும் கூலியாள் எங்கே போவான்? ஏழைக்கு அட்டை, வசதியானவருக்குக் கணக்கு என்பது என்ன நியாயம்? ஆனாலும், குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்குகளும் உண்டு. நாலு இடத்தில் கேளுங்கள். ஒரு வங்கி மறுத்தது என்று ரூம்காரர் கணக்கில் போய் விழாதீர்கள்.

சில எச்சரிக்கைகள்:

ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் கேம்ப் பாஸிடமோ முதலாளியிடமோ ஒப்படைக்காதீர்கள். அட்டை அவர் கையில் இருந்தால் சம்பளமும் அவர் கையில்தான்.

உங்கள் கணக்கை இன்னொருவர் பணம் போட்டு எடுக்கக் கொடுக்காதீர்கள். "சும்மா ஒரு தடவைதான்" என்பார்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

இகாமா காலாவதியானால் சவூதியில் கணக்கு முடங்கும். தேதியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். அமீரகத்தில் 2022 ஜனவரிக்கு முன்பு, பணமில்லாமல் காசோலை திரும்பினாலே குற்ற வழக்கு. சட்டம் தளர்ந்துவிட்டது. கடன் தளரவில்லை.

ஒரேயடியாக ஊர் திரும்பும்போது கணக்கை மூடி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி வாருங்கள்.

இங்கே உள்ள கணக்கு?

வேலைக்காக வெளிநாடு போனவர், இங்கே வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. "ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். தவறு. வேலைக்குப் போகிறவர் கிளம்பியதிலிருந்தே ஃபெமா சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர்தான். பழைய கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டு வாடகை, குத்தகை போன்ற உள்ளூர் வரவுக்கு அது.

அங்கே சம்பாதித்ததைப் போட என்.ஆர்.இ. கணக்கு. இதிலிருந்து பணத்தைத் தடையில்லாமல் திரும்ப வெளியே கொண்டு போகலாம். என்.ஆர்.ஓ.விலிருந்து என்றால் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்பும், வரி கட்டிய கணக்கும் வேண்டும். இரண்டையுமே கரண்ட் அக்கவுண்டாகத் திறக்க வழி உண்டு. வட்டியை அஞ்சுகிறவர் அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் செலவுக்கு மனைவியோ தகப்பனோ பணம் எடுக்க அதிகாரக் கடிதம் கொடுக்கலாம்.

வாரிசு நியமனத்தை மறக்காதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி வைக்கும் பொறுப்பாளிதான், முழு உரிமையாளர் அல்ல. ஷரீஅத் படி யாருக்கு எவ்வளவோ, அதைப் பிரித்துத் தர வேண்டிய அமானிதம் அது. டைரியோடு வந்தாரே அந்தச் சகோதரி, அவர் பெயர் ஏதாவது ஒரு பாரத்தில் இருந்திருந்தால் இன்று மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருக்காது.

"பேங்கும் கவிழாதா?"

கவிழும். பி.சி.சி.ஐ. வங்கியை 1991 ஜூலை 5ல் பல நாட்டு அதிகாரிகள் ஒரே நாளில் இழுத்து மூடினார்கள். வளைகுடாவில் அதை நம்பிப் போட்டவர்கள் பலர். அதற்காகக் கணக்கே வேண்டாம் என்பதா? மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. ரூம்காரர் கவிழ்ந்தால் எந்தக் காப்பீடு தரும்?

நாமும் பதில் சொல்ல வேண்டும்

முஸ்லிம்கள் நிறைந்த பகுதிகளைச் சில வங்கிகள் கடன் தராமல் ஒதுக்கி வைத்ததை 2006ல் சச்சார் குழு எழுதியது. வட்டியில்லா வங்கி முறை வேண்டும் என்று 2008ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று கைவிட்டது. இதைக் கேட்டுப் போராடுவோம். வெளிநாட்டில் இருப்போர் 2023ல் இந்தியாவுக்கு அனுப்பியது சுமார் 12,000 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. இவ்வளவு அனுப்பும் மக்களின் நியாயமான கோரிக்கைக்குக் காது கொடுக்க ஆட்சியாளர்களுக்கு நேரமில்லையா?

ஆனால் அரசைக் கேட்கும் முன் ஜமாஅத்தைக் கேட்கிறேன். சபராளி பணத்தில் மினாரா கட்டினோம், மாடி எடுத்தோம், ஏ.சி. போட்டோம். அந்தப் பணம் வந்த வழியில் அவனுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தோமா? விசா வந்த பையனை வழியனுப்ப துஆ செய்கிறோம். துஆவோடு கணக்கையும் திறந்து கொடுத்தால் என்ன?

சமயநல்லூரிலிருந்தே தொடங்குவோம். பாஸ்போர்ட்டில் விசா விழுந்த ஒவ்வொரு இளைஞனும், கிளம்பும் முன் ஒரு நாள் மதரஸா கூடத்தில் வந்து உட்காரட்டும். கணக்கு விவரம் தெரிந்த ஒரு வியாபாரி, படித்த ஓர் இளைஞர், ஓர் ஆலிம், மூவரும் இருக்கட்டும். பழைய கணக்கை மாற்றும் கடிதம், வாரிசு நியமனம், வஸிய்யத் மூன்றையும் அன்றே எழுதி முடிக்கட்டும். இதற்கு வசூல் தேவையில்லை, மேடை தேவையில்லை. நாலு பேனாவும் ஒரு மேசையும் போதும்.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் சகோதரனே! இதைப் படித்து முடித்ததும், உன் சம்பளத்தில் எவ்வளவு இன்னொருவன் பெயரில் இருக்கிறது என்று எண்ணிப் பார். நாளைக்கே அவனிடம் போய் எழுதி வாங்கு. அவன் நல்லவன் என்றால் மகிழ்ச்சியோடு எழுதித் தருவான். தர மறுத்தால், அவன் யார் என்பது நீ உயிரோடு இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அந்த டைரி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இன்னொரு டைரி இந்தப் பள்ளிவாசலுக்கு வரக் கூடாது. இன்ஷா அல்லாஹ், வராது.