பின்பலகையில் நான்கு இலக்கம்

இந்த வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோவிலிருந்து நீலக் கேன் ஒன்று விழுந்து உடைந்தது. தரையில் பரவிய திரவம் லேசாகப் புகைந்தது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் கூட்டம். ஒருவர் குனிந்து மோந்து பார்க்கிறார். "ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்கப்பா, போயிடும்" என்கிறார் இன்னொருவர். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னவென்று தெரியாததை மோந்து பார்க்கக் கூடாது. தண்ணீரும் ஊற்றக் கூடாது. அடர் கந்தக அமிலத்தின் மேல் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கால்சியம் கார்பைடில் பட்டால் எளிதில் தீப்பற்றும் அசெட்டிலீன் வாயு கிளம்பும். 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 12 கன்டெய்னர்களில் இருந்தது இந்தக் கார்பைடுதான். கரை ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112-ஐ அழையுங்கள் என்று கேரளத்தில் உடனே அறிவித்தார்கள். தெருவிலும் தொடாமல் விலகி நின்று 112-க்குச் சொல்வதுதான் முறை. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.

கூட்டத்தின் மேலிருந்த கோபம் ஆட்டோ ஓட்டி வந்த பையனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பியது. கேனில் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஏற்றி அனுப்பியவர்கள் சொல்லவில்லை, கேனிலும் எழுதவில்லை. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோதும் இதே கதைதான்: மருத்துவமனைக்கு மூச்சுத்திணறி ஓடிவந்தவர்களுக்கு, அது எந்த வாயு என்று தெரியாமலேதான் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஏற்றியது என்னவென்று சொல்ல வேண்டிய டேங்கர் லாரிகளின் பின்பலகை பற்றி நான் பலமுறை புலம்பியிருக்கிறேன். மறுபடியும் புலம்புகிறேன். ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டியில் இரு பக்கமும் பின்னாலும் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். சரக்கின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், ஆபத்தின் வகையைக் காட்டும் படம், அவசரத்துக்கு அழைக்கும் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 1203 என்றால் பெட்ரோல். 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். கவிழ்ந்த லாரியை நெருங்காமலே தீயணைப்பு வீரர் இதைப் படித்துவிட்டால், தண்ணீர் அடிக்கலாமா, எந்த உடுப்பு போட வேண்டும், ஊரை எவ்வளவு தூரம் காலி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிடுவார். நம் நெடுஞ்சாலைகளில் நான் பார்க்கும் பலகைகளோ வெயிலில் வெளுத்து, சேறு அப்பிக் கிடக்கின்றன. ஓட்டுநரின் பிள்ளைகள் பெயர் தெரிகிற தூரத்திலிருந்து அந்த எண் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பாவைத்தான் அது முதலில் காப்பாற்றும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடும் முன் வண்டியிலிருந்து தள்ளி நின்று அந்தப் பலகையைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.