நோயுள்ளவருக்கு ஆயுள் காப்பீடு: மறுக்கும் முன் கணக்கைக் காட்டட்டும்

ஆயுள் காப்பீடு கேட்டு வருபவருக்குச் சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால், அல்லது அவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராக இருந்தால், காப்பீட்டு நிறுவனம் நான்கில் ஒரு முடிவை எடுக்கும். எல்லோருக்கும் உரிய பிரீமியத்திலேயே பாலிசி தரலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து வரச் சொல்லலாம், அடியோடு மறுத்துவிடலாம். மறுக்கப்பட்டவருக்கு அந்த முடிவு தெரியுமே தவிர, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு வழக்கமாகத் தெரியவருவதில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். ஆகவே, நோயுள்ளவருக்குக் காப்பீடு என்பது ஏதோ சிலரின் சிக்கல் என்று ஒதுக்கக்கூடியது அல்ல. குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கும் பிரச்சினை அது.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் அடிப்படையாகக் கொள்ளும் 2012-14 இறப்பு விகித அட்டவணையின்படி, காப்பீடு பெற்ற 40 வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஓராண்டில் இறப்பவர்கள் சராசரியாக 1.68 பேர். ஒரு நோய் இந்த வாய்ப்பை இரு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 3.36. அப்போதும் 996 பேருக்கு மேல் அந்த ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள். 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டில், நிர்வாகச் செலவு, லாபம் எதையும் சேர்க்காமல், ஓராண்டு இறப்பு அபாயத்தின் விலையை மட்டும் எடுத்தால், நோயில்லாதவருக்கு 1,680 ரூபாய். நோயுள்ளவருக்கு 3,360 ரூபாய். இந்த வித்தியாசத்தைக் கட்டத் தயாராக இருப்பவரைத் திருப்பி அனுப்ப, கணக்கில் காரணம் ஏதும் இல்லை.

இப்படி நோய்க்கு எண் போடும் முறை நூறாண்டுக்கும் பழையது. அமெரிக்காவின் நியூயார்க் லைஃப் நிறுவனத்தில் மருத்துவர் ஆஸ்கர் ராஜர்ஸும் காப்பீட்டுக் கணிப்பாளர் ஆர்தர் ஹன்டரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். சராசரி மனிதரின் இறப்பு வாய்ப்பு 100 என்று கொள்ளப்படும். உடல் பருமன், ரத்த அழுத்தம், குடும்ப நோய் வரலாறு ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் கூட்டப்படும். சாதகமான அம்சங்களுக்குக் கழிக்கப்படும். வரும் கூட்டுத்தொகைக்கு ஏற்ப பிரீமியம். இன்று உலகெங்கும் காப்பீட்டு மருத்துவ மதிப்பீடு நடப்பது பெரும்பாலும் இதன் வழியில்தான்.

கணக்கின்றி ஒரு கூட்டத்தையே ஆபத்தானவர்கள் என்று ஒதுக்குவது எப்படியிருக்கும் என்பதை இந்தியர்கள் அனுபவித்திருக்கிறார்கள். கல்கத்தாவில் 1818-ல் ஓரியன்டல் நிறுவனமும், மதராஸ் மாகாணத்தில் 1829-ல் மெட்ராஸ் ஈக்விடபிள் நிறுவனமும் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கின. அந்நாளைய வெள்ளையர் நிறுவனங்கள் இந்திய உயிர்களைத் தரம் குறைந்தவையாக மதித்துக் கனமான கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870-ல் பிறந்த பம்பாய் மியூச்சுவல் சங்கம்தான் இந்தியர்களுக்கும் வழக்கமான விகிதத்தில் பாலிசி தந்தது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. காப்பீட்டு நிதி பொதுப்பணம். நோய் முற்றியவர்கள் மட்டும் குறைந்த விலையில் சேர்ந்துகொண்டே போனால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள், நிதி வற்றும். ஆகையால் மருத்துவ விவரம் கேட்பது தவறில்லை. கேட்கும் விவரமும் நோயின் பெயரோடு நிற்பதில்லை. சர்க்கரை நோயில், எந்த வயதில் வந்தது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு என்ன, சிறுநீரகமும் விழித்திரையும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பவை முக்கியம். மாரடைப்பு வந்தவரையும் ஸ்டென்ட் வைத்தவரையும் பெரும்பாலும் சில காலம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதன்பின் எக்கோ, டிரெட்மில் சோதனை முடிவுகளைக் கேட்கிறார்கள். புற்றுநோயில் சிகிச்சை முடிந்த தேதி, நோயின் நிலை, திசுப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றும் இல்லாமல் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்குத் தனிநபர் பாலிசி கிடைப்பது மிக அரிது. எச்ஐவி தொற்றை எடுத்துக்கொண்டால், கூட்டு மருந்துச் சிகிச்சை அதன் கணக்கையே மாற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவில், மருந்தை விடாமல் எடுத்துக்கொள்வதை நிபந்தனையாக வைத்து எச்ஐவி உள்ளவர்களுக்கு ஆயுள் காப்பீடு 2000-களிலேயே வழங்கப்பட்டது.

மறுப்புக்கு அஞ்சி நோயை மறைப்பதுதான் இந்தத் துறையின் ஆறாத புண். ‘சுகர் இருக்குன்னு எழுத வேண்டாம் சார், பாலிசி வராது, மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேக்க முடியாது’ என்று சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்து. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி வழங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் என்றால், முக்கியத் தகவலை மறைத்ததாகவோ மோசடி செய்ததாகவோ சொல்லி இழப்பீட்டை மறுக்கலாம். மோசடி அல்லாத மறைப்பு என்றால் கட்டிய பிரீமியமாவது 90 நாட்களுக்குள் திரும்ப வரும். மோசடி என்று குற்றம் சாட்டப்பட்டால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில், அது மோசடி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் பயனாளிகள் தலையில் வைக்கிறது. கணவர் எந்த மருத்துவரிடம் என்ன மாத்திரை வாங்கினார், ஏஜென்டிடம் என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் மனைவி சாட்சி தேட வேண்டும். கடும் நோயுள்ளவர் அந்த மூன்று ஆண்டுகளைத் தாண்டாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், மறைப்பின் சுமை அவர் குடும்பத்தின் மீதுதான் முதலில் விழுகிறது.

நீதிமன்றங்கள் ஒரே அச்சில் தீர்ப்பளிக்கவில்லை. முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்ட ஒருவர் இதய நோயால் இறந்தபோது, மறைத்த நோய் உயிருக்கு ஆபத்தானதும் அல்ல, இறப்புக்குக் காரணமும் அல்ல என்று சொல்லி 2015-ல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. பாலிசி எடுத்த ஒரு மாதத்தில் ஒருவர் இறந்த மற்றொரு வழக்கில், ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததற்காக 2020-ல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார், படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் சாதாரணமாக எடுபடாது என்பதையும் 2019-ல் அது தெளிவாக்கியது.

இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. பாலிசியோடு, நிரப்பிய விண்ணப்பப் படிவத்தின் நகலும் வரும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். பாலிசியைத் திருப்பித் தருவதற்கு இப்போது 30 நாள் அவகாசம் இருக்கிறது. நோய், மருந்து, மருத்துவமனையில் தங்கியது ஆகிய கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று பதில் எழுதப்பட்டிருந்தால், அந்த நாட்களுக்குள் எழுத்து மூலம் திருத்தம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். திருத்தத்தால் பிரீமியம் கூடினாலும், குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கு அது கொடுக்கத் தகுந்த விலை.

பாலிசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் நோயுள்ளவருக்கு இரட்டிப்பு முக்கியம். பிரீமியம் கட்டாமல் விட்டுப் பின்னர் புதுப்பிக்கப் போனால், உடல்நிலை பற்றிப் புதிதாக உறுதிமொழி கேட்கலாம், பரிசோதனைக்கும் அனுப்பலாம். அந்த மூன்று ஆண்டுக் கணக்கும் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி தொடங்கும். இருபது ஆண்டுப் பழைய பாலிசியும் இந்த வகையில் புதுப் பாலிசியாகிவிடும். நோய் வருவதற்கு முன் எடுத்த பாலிசி எவ்வளவு சிறியதானாலும் அதை விட்டுவிடக் கூடாது.

மருத்துவக் கேள்வியே இல்லாத வாசல்களும் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் இருக்கும் தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால், 1976-ல் வந்த வைப்பு நிதி சார்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குத் தொழிலாளி தன் பங்காக எதுவும் கட்டுவதில்லை. பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டிலும் ஒரு வரம்பு வரை பரிசோதனை கிடையாது. பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை வங்கிக் கணக்கு மூலம் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பீடு 2 லட்சம். முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே இழப்பீடு. இவையெல்லாம் தேவையானவை. ஆனால், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் மிச்சமிருக்கும் குடும்பத்துக்கு 2 லட்சம் எத்தனை மாதம் வரும்? வேலையை விட்டால் குழுக் காப்பீடும் போய்விடும். தனிநபர் பாலிசிக்கு இவை மாற்றாக முடியாது.

ஆயுள் காப்பீட்டை வெறும் வணிக ஒப்பந்தமாகப் பார்க்க முடியாது என்பதற்குச் சட்டத்திலேயே அடிப்படை இருக்கிறது. சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று எல்.ஐ.சி. ஒரு டேர்ம் பாலிசியைச் சுருக்கியது செல்லாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. காப்பீட்டுக் கணிப்பு ஆய்வுகளின் ஆதாரம் இல்லாமல் எச்ஐவி உள்ளவருக்குக் காப்பீட்டை மறுப்பதை அது தடை செய்கிறது. ஆதாரம் காட்டும் கடமையை நிறுவனத்தின் மேல் வைக்கும் இந்த விதி, எச்ஐவிக்கு மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பத்து ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணுக்கும், ஸ்டென்ட் வைத்தபின் தினமும் நடைபயிற்சி செய்யும் ஆணுக்கும் அதே உரிமை வேண்டும்.

பிரான்ஸ் 2022-ல் கொண்டுவந்த சட்டம் ஒரு முன்னுதாரணம். புற்றுநோய் அல்லது ஹெபடைடிஸ் சி சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டால், கடனுக்கான காப்பீடு கேட்கும்போது அந்தப் பழைய நோயைச் சொல்ல வேண்டியதில்லை. 60 வயதுக்குள் தீர்ந்துவிடும் 2 லட்சம் யூரோவுக்கு உட்பட்ட வீட்டுக் கடன்களுக்கு மருத்துவக் கேள்விப் படிவமே இல்லை.

இந்தியாவில் இதற்கான தரவைத் திரட்ட இடம் இருக்கிறது. ஹைதராபாதில் உள்ள இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையம் எல்லா நிறுவனங்களின் விவரங்களையும் சேர்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது. சர்க்கரை நோய், இதய நோய், குணமான புற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் இந்தியர்களின் இறப்பு விகிதம் என்ன என்பதை அது வெளியிட்டால், கூடுதல் பிரீமியத்துக்கு ஒரு பொது அளவு பிறக்கும். மறுக்கும் நிறுவனம் அந்த அளவை மேற்கோள் காட்டி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றும், எந்த நிலை வந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதே கடிதத்தில் குறிப்பிட வேண்டும் என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கலாம்.