இருபது நிமிட ஆட்டமும் எட்டு வருட வழக்கும்

ட்ரினிடாட் நாட்டு உதைபந்தாட்ட வீரர் ரஸல் லட்டப்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் 1989 நவம்பர் 19இல்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேயே தொடங்குகிறேன். அன்று அமெரிக்காவுடன் சமநிலை கண்டாலே போதும், அந்தச் சின்னத் தீவு முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போயிருக்கும். வெற்றி நிச்சயம் என்று நம்பி மறுநாளை விடுமுறையாகவும் அறிவித்துவிட்டார்கள். ஒரே ஒரு கோலால் தோற்றார்கள். மத்திய களத்தில் ஆடிய லட்டப்பிக்கு அப்போது வயது 21.

போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரை ஒட்டிய லவென்டில் என்ற ஏழைக் குன்றுப் பகுதியில் வளர்ந்த பிள்ளை அவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார். போர்த்துக்கலில் போர்ட்டோ கழகத்தோடு இரண்டு முறை சாம்பியன். பிறகு ஸ்கொட்லாந்தில் ஹிபேர்னியன், ரேஞ்சர்ஸ், ஃபோல்கர்க். ஆள் கட்டை, கால் மட்டும் மந்திரம். ‘சின்ன மந்திரவாதி’ என்றே பெயர். ஒழுங்குக்குப் பேர்போனவர் என்று சொல்ல முடியாது. 2001இல் ஒழுக்கப் பிரச்சினையால் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டத்தையே இழந்தார். தேசிய அணியிலிருந்தும் விலகியிருந்தவரை 2005இல் மீண்டும் அழைத்தார்கள். 2006 ஜேர்மனியில், பராகுவேக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், மாற்று வீரராக இருபது நிமிடம் சொச்சம் ஆடினார். வயது 37. அந்த இருபது நிமிடத்துக்கு 17 வருடம் காத்திருந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் இங்கே நிறுத்திக் கைதட்டுவார்கள். எனக்கு மனம் வரவில்லை, தோழர்களே.

உலகக் கிண்ண வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்பது உடன்பாடு. ஆட்டம் முடிந்து கணக்குக் கேட்டால், சம்மேளனம் நீட்டியது ஆளுக்கு 5,644 ட்ரினிடாட் டொலர். வருமானமே 18.25 மில்லியன்தான் என்றது. அரசாங்கம் பிறகு சொன்ன கணக்கோ 173 மில்லியன்! கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, இலாபமும் நட்டமும் அவர் வாயில்தான். கூட்டு ஒப்பந்தம் பேசிய நமக்கு இது புதிதா?

பதினாறு வீரர்கள் ஒன்றாக நின்று வழக்காடினார்கள். கோல் காப்பாளர்கள் ஷாகா ஹிஸ்லொப், கெல்வின் ஜக், பின்கள வீரர் பிரென்ட் சாஞ்சோ முன்னின்றார்கள். தேசிய அணியின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. 2008இல் லண்டன் நடுவர் மன்றம் உடன்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகும் பணம் வரவில்லை. 2014இல் அரசாங்கமே முன்வந்து கொடுத்துத்தான் முடிந்தது.

அந்தப் பதினாறு பேரில் லட்டப்பி இல்லை. அவர் தேசிய அணியில் தொடர்ந்தார், 2009இல் பயிற்றுநரும் ஆனார். அதற்காக அவரைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். அரை வாழ்க்கை காத்திருந்து கிடைத்த சட்டை அது. ஆனால் அந்த அணியிலேயே பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. அந்தப் பெயரும் பட்டியலில் இருந்திருந்தால் எட்டு வருடம் இழுத்திருக்குமா என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. திறமைக்குக் கைதட்டுகிறேன், நன்றி சொல்வதென்றால் சாஞ்சோவுக்குத்தான்.

இங்கிலாந்து ஆட்டத்தில் பீட்டர் க்ரவுச் முடியைப் பிடித்து இழுத்தபடி கோல் போட்டாரே, நடுவர் பார்க்காமல் விட்டாரே, அந்தச் சாஞ்சோதான். 2015இல் அவர் அந்நாட்டின் விளையாட்டுத்துறை அமைச்சரானார்.