செயலிப்பட்டை எங்கே இருக்க வேண்டும்?

கணினியை இயக்கியதும் திரையின் ஓர் ஓரத்தில் சிறு சின்னங்கள் வரிசையாக அமைந்த பட்டை ஒன்று தோன்றுகின்றது. கோப்புகள், இணைய உலாவி, விளையாட்டு என எதனைத் திறக்க விரும்பினாலும் நாம் முதலில் நாடுவது அதனையே. இப்பட்டை கீழே இருக்க வேண்டுமா, இடப்பக்கம் இருக்க வேண்டுமா, சின்னங்களின் அருகில் பெயர் எழுதப்பட வேண்டுமா என்பன குறித்துப் பயனாளர்களும் வல்லுநர்களும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணைப் பெரிய வழக்கா என்று சிலர் நகைப்பர். நாள்தோறும் கை பலமுறை செல்லும் இடத்தைப் பற்றி மக்கள் வாதிடுவது இயல்பே. சமையலறையில் உப்புச் சாடியை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். வீட்டில் எழும் குரலைக் கேட்பீர்கள்.

1995ஆம் ஆண்டுக்கு முன் விண்டோஸ் கணினிகளில் இத்தகைய பட்டை இல்லை. ஒரு சாளரத்தைச் சுருக்கினால் அது சிறு சின்னமாகித் திரையின் அடியில் சென்று அமரும். அதன்மேல் வேறொரு சாளரம் விரிந்தால் சின்னம் மறைந்துவிடும். புதிதாகக் கணினி கற்றோர் தம் வேலையே தொலைந்துபோனதாக எண்ணினர். விண்டோஸ் 95 கீழோரத்தில் பணிப்பட்டையை அமைத்து இக்குறையைப் போக்கியது. திறந்திருக்கும் ஒவ்வொன்றின் பெயரும் அதில் எப்போதும் தெரிந்தது. 2001இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் வந்த பட்டை வேறு வழியை மேற்கொண்டது. அதில் பெரிய அழகிய சின்னங்கள் இருந்தன. பெயர்களோ, அம்புக்குறியை அருகே கொண்டுசென்றால் மட்டுமே தோன்றின. அழகை விரும்பியோர் அதனைப் போற்றினர். முன்பு அந்நிறுவனத்திலேயே பணியாற்றிய வடிவமைப்பாளர் புரூஸ் டொக்னசினி அதனைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார்.

உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் எழுந்த வழக்கே இவற்றுள் சுவையானது. அதன் பட்டை 2010இல் சிறு மடிக்கணினிகளுக்கெனத் திரையின் இடப்பக்கம் அமைக்கப்பட்டது. அக்கணினிகளின் திரை அகலத்தில் மிகுந்தும் உயரத்தில் குறைந்தும் இருந்தது. கீழே ஒரு பட்டையை வைத்தால் படிக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று வரிகள் குறையும். பக்கவாட்டில் வைத்தால் அவ்விழப்பு இல்லை. காரணம் தக்கதே. ஆயினும், 2011இல் அதே பட்டை எல்லாக் கணினிகளுக்கும் உரியதாக்கப்பட்டபோது, அதனை வேறிடத்திற்கு நகர்த்த வழி தரப்படவில்லை. பயனாளர்கள் முறையிட்டனர். வடிவமைப்பாளர்கள், இடப்பக்கமே தங்கள் திட்டத்திற்குப் பொருந்தும் என்று மறுத்தனர். கீழோரத்திற்கு நகர்த்தும் வசதி 2016இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே உபுண்டு அந்தத் திரையமைப்பை விட்டு வேறொன்றிற்கு மாறியது. ஆனால் புதிய அமைப்பிலும் பட்டையை இடப்பக்கத்திலேயே வைத்தது. பயனாளர்களின் கை அதற்குள் அவ்விடத்திற்குப் பழகிவிட்டது போலும்!

இவ்வழக்கில் அறிவியலுக்கும் இடம் உண்டு. 1954இல் பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர், ஓர் இலக்கைக் கை சென்றடையும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்று காட்டினார். தொலைவும் சிறுமையும் கூடினால் நேரமும் கூடும். திரையின் விளிம்போ ஒரு சுவர் போன்றது. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி அங்கேயே நின்றுவிடும். ஆதலால் விளிம்பை ஒட்டிய சின்னத்தை அடைவது எளிது. இரு சுவர்கள் கூடும் மூலையை அடைவது இன்னும் எளிது. கண்ணை மூடிக்கொண்டும் அங்குச் செல்லலாம்.

2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, பல்லாண்டுகளாக இடப்பக்க மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானைப் பட்டையின் நடுவிற்குக் கொண்டுவந்தது. பெரிய திரைகளில் நடுப்பகுதியே கண்ணுக்கு அருகில் உள்ளது என்பார் கூற்றை மறுப்பதற்கில்லை. எனினும் வேறு செயலிகளைத் திறக்கத் திறக்க அப்பொத்தான் சிறிது சிறிதாக இடப்புறம் நகர்கின்றது. நகரும் பொருளைக் கை எவ்வாறு நினைவில் கொள்ளும்? நல்ல வேளையாக, சின்னங்களை மீண்டும் இடப்பக்கம் ஒதுக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. ஆனால், முந்தைய பதிப்புகளில் பட்டையையே மேலோரத்திற்கோ பக்கவாட்டிற்கோ மாற்றிக்கொள்ள இருந்த உரிமை அப்போது நீக்கப்பட்டது. அது முறையன்று என்பதே என் கருத்து.

எதிர்த்தரப்பினருக்கும் வலிமையான வாதம் உண்டு. நாற்பது கணினிகள் உள்ள பள்ளி ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரும் பட்டையை ஒவ்வோர் இடத்தில் வைத்தால், “கீழ்மூலையை அழுத்துக” என்று ஆசிரியர் கூறுவது எவருக்கும் பயன்படாது. மேலும், ஒரு வசதியைக் கூடுதலாகத் தருவதென்றால் அதனைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் உழைப்பு வேண்டும். இவை உண்மையே. ஆகவே தொடக்கத்தில் பட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர்கள் முடிவு செய்யட்டும். ஆய்வகத்தில் ஒரே அமைப்பு இருக்கட்டும். வீட்டில் ஒருவர் தம் கைக்கேற்ப அதனை மாற்றிக்கொள்வதை ஏன் தடுக்க வேண்டும்? இடக்கைப் பழக்கமுடையோரும், சிறிய திரையில் பயில்வோரும், புதிய இடத்தைக் கற்பதற்குள் சலித்துவிடும் முதியோரும் ஒரே அளவுச் சட்டையை அணிய இயலாது.

பெயர்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். விண்டோஸ் 11 முதலில் பணிப்பட்டையிலிருந்து பெயர்களை நீக்கிச் சின்னங்களை மட்டும் காட்டியது. பயனாளர்கள் தொடர்ந்து வேண்டியபின் 2023இல் பெயர்களைக் காட்டும் வசதி திரும்ப வந்தது. இடம் மிச்சமாகிறது என்பதற்காகப் பெயரை மறைப்பதை நான் ஏற்கவில்லை. ஒரே நேரத்தில் நான்கு கடிதங்கள் திறந்திருந்தால் அந்நான்கிற்கும் சின்னம் ஒன்றே. எது எவருக்கு எழுதியது என்பதைப் பெயரே கூறும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. வீட்டுக் கணினியின் மொழியைத் தமிழாக அமைத்துக்கொண்டால் செயலிகளின் பெயர்கள் பலவும் தமிழில் தோன்றும். சின்னங்கள் மட்டுமே உள்ள பட்டையில் மொழி மாறியது தெரிவதே இல்லை.