முதல் இயல் யாருடையது?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரியைச் சுற்றியுள்ள தட்டச்சு நிலையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் திருவிழாக் கூட்டம். முதுகலை இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டைக் கையில் பிடித்தபடி, ‘பைண்டிங் எப்போது முடியும்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நானும் இவ்வாண்டு அந்த வரிசையில் நிற்கப் போகும் முதுகலை வரலாற்று மாணவிதான். அதனால் இக்கட்டுரையை வெளியே நின்று குறை சொல்பவளாக எழுதவில்லை. உள்ளே இருந்து பேசுகிறேன்.

சென்ற ஆண்டுகளின் ஆய்வேடுகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் இயலை மட்டும் படித்துப் பாருங்கள். ஓர் உண்மை புலப்படும். தலைப்புகள் பல, முதல் இயல் ஒன்றே! கோயிலைப் பற்றிய ஆய்வேடா? திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது என்று தொடங்கும். முந்திரிச் சாகுபடியைப் பற்றியதா? அதற்கும் அதே தொடக்கம். சிறுகதை ஆசிரியரைப் பற்றியதா? ‘கல் தோன்றி மண் தோன்றா’ என்று தொடங்கி அடுத்த பக்கத்தில் மாவட்டத்திற்கு வந்துவிடும். ஆய்வின் நோக்கம், எல்லை, கருதுகோள், முன்னாய்வுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு ஆகிய துணைத்தலைப்புகள் தவறாமல் இருக்கும். அவற்றின் கீழ் இருக்க வேண்டிய பொருள்தான் இராது. ‘இக்கோயில் சிறப்பு வாய்ந்தது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்’ என்று எழுதினால், அதை மெய்ப்பிக்க என்ன இருக்கிறது? மறுக்கத்தான் யார் வருவார்?

முதல் இயலைச் சடங்காக எழுதுவதால் ஆய்வு முழுவதுமே சடங்காகிவிடுகிறது என்பது என் கருத்து. ‘எதைத் தெரிந்துகொள்ள வந்தேன்? எனக்கு முன் வந்தவர்கள் இதுபற்றி என்ன சொன்னார்கள்? எதை ஆதாரமாகக் கொண்டு சொன்னார்கள்? நான் எதைப் பார்க்கப் போகிறேன்?’ இந்த நான்குக்கும் விடை சொல்லும் இடமே முதல் இயல். அது வெறுமையாக இருந்தால் பின்வரும் இயல்கள் தகவல் மூட்டைகளாகவே கிடக்கும்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நகரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சித்தன்னவாசல் வந்துவிடும். அங்குள்ள அறிவர் கோயில் ஓவியங்களை து. அ. கோபிநாத ராவ் கண்டு எடுத்துரைக்க, பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெய் 1920ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைகளோடு ஒப்பிட்டு, இவை அம்மன்னன் காலத்தவை, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை என்று அவர் கருதினார். மகேந்திரன் முதலில் சமணனாக இருந்து பின்னர்ச் சைவனானவன் என்ற வரலாறும் இக்கருத்துக்குத் துணை நின்றது. கேட்பதற்கும் அழகான கருத்து. பாடநூல்களிலும் ஏறிவிட்டது.

ஆனால் அதே கோயிலில் ஒரு தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்பது அதன் செய்தி. மகேந்திரனின் கல்வெட்டோ தெற்கே திருச்சி மலைக்கோட்டையோடு நின்றுவிடுகிறது. ஓவியப் பூச்சில் இரண்டு அடுக்குகள் இருப்பதையும் ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். இவற்றையெல்லாம் எடைபோட்டு, இன்று நாம் காணும் ஓவியங்கள் பாண்டியர் காலத்தவை என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

இதனால் ழூவோ துப்ரெய் சிறுமைப்பட்டாரா? இல்லை. தம் முடிவுக்குக் காரணம் சொன்ன அறிஞர் அவர். காரணத்தைச் சொன்னதனால்தான் பின்வந்தோர் அதைச் சோதிக்க முடிந்தது, திருத்தவும் முடிந்தது. சிறுமை நம்முடையது. ஓர் ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குப் பெயர்த்து எழுதும் வழக்கத்தால், இன்றும் நம் ஆய்வேடுகளில் ‘மகேந்திரவர்மன் தீட்டிய சித்தன்னவாசல் ஓவியம்’ உயிரோடு உலவுகிறது. முன்னாய்வுகள் என்ற துணைத்தலைப்பின் கீழ் நூல்களின் பெயரை அடுக்குகிறோமே தவிர, எந்த நூல் எந்தச் சான்றைக் கொண்டு எதைச் சொல்கிறது என்று ஒரு வரி எழுதுவதில்லை. அந்த ஒரு வரியை எழுதப் புகுந்திருந்தால், இரண்டு நூல்கள் மோதிக்கொள்ளும் இடம் கண்ணில் பட்டிருக்கும். அந்த மோதலே நல்ல ஆய்வுக் கேள்வி ஆகியிருக்கும்!

‘நாங்கள் முதுகலை மாணவர்கள், ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும், புதிய கண்டுபிடிப்பை எங்களிடம் எதிர்பார்க்கலாமா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்டுபிடிப்பை எவரும் கேட்கவில்லை, கேள்வியைத்தான் கேட்கிறோம். கேள்வி சிறியதாக இருந்தால் ஒரு பருவம் போதும். ‘குடுமியான்மலை – ஓர் ஆய்வு’ என்பது தலைப்பன்று. அது ஓர் ஊரின் பெயர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் உள்ளன. அவற்றுள் குடுமியான்மலைக் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ஏரி, குளம், மடை பற்றிப் பேசுவன எவை? அவற்றைச் செப்பனிட்டவர் யார்? செலவு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கலாமே. ஆறு பெரிதாக இல்லாமல் கண்மாயை நம்பி வாழும் மாவட்டத்தில் இது உயிருள்ள கேள்வியல்லவா?

நூல் இல்லை என்றும் சொல்ல இயலாது. இன்று மன்னர் கல்லூரி என வழங்கும் கல்லூரியில் முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916ஆம் ஆண்டிலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அரிய தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ஞானாலயா ஆய்வு நூலகம் நம் நகரிலேயே உண்டு. வெளியூர் ஆய்வாளர்கள் பெட்டியும் கையுமாக இங்கே வந்து தங்கிப் படித்துச் செல்கிறார்கள். உள்ளூரில் இருக்கும் நாம் கைப்பேசியில் கிடைத்த நாலு பக்கத்தைப் பெயர்த்தெழுதுகிறோம்.

நூலில் மட்டும்தான் கேள்வி பிறக்கும் என்பதும் இல்லை. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டோம். இவை நூல்களில் உள்ள செய்திகள். அன்று எழுதப் படிக்கக் கற்ற பெண்களுள் எத்தனை பேர் இன்றும் படிக்கிறார்கள், எது அவர்களிடம் தங்கியது, எது நழுவியது என்பதை அறிய ஊருக்குள்தான் போக வேண்டும். என் ஆய்வேட்டின் பொருள் இதுதான். என் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் இயலுக்குக் குறிப்பெடுக்க என் அப்பத்தாவிடம் போய் அமர்ந்தபோது, “கையெழுத்துப் போடுறது மறந்து போச்சு ஆத்தா, சைக்கிள் மறக்கலை” என்றார். ஏன் ஒன்று மறந்தது, மற்றொன்று மறக்கவில்லை? என் கருதுகோள் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது: அன்றாடம் பயன்பட்ட திறனே தங்கியது. இது தவறாகவும் முடியலாம். தவறாகக்கூடியதுதான் கருதுகோள், தோற்கவே முடியாதது வெறும் புகழுரை.

நம்முள் பலர் பட்டப்படிப்பை எட்டிய முதல் தலைமுறையினர். அறிவு என்பது எங்கோ, வேறு யாரிடமோ, ஆங்கிலத்திலோ இருக்கிறது என்ற அச்சம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பெயர்த்து எழுதுவதற்குச் சோம்பலைவிட இந்த அச்சமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் ஊர்க் கண்மாயும் நம் வீட்டுப் பெண்களும் ஆய்வுக்குரியவர்கள் என்பதை எழுதிக் காட்டும் முதல் இடமே முதல் இயல். அதையும் பிறரிடம் இரவல் வாங்கினால் நமக்கென்று என்ன மிஞ்சும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் தண்டனை உண்டு. நல்ல விதிதான். ஆனால் கணிப்பொறி சொற்களைத்தான் எண்ணும். சொற்களை மாற்றிப்போட்டுத் தப்புவோரும் உண்டு. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, ஒருவருடையதோடும் ஒட்டாத முதல் இயலை ஒரு நிமிடத்தில் பெறுவோரும் இன்று உண்டு. ‘இதில் கேள்வி இருக்கிறதா?’ என்று பார்க்க ஆசிரியரின் கண்தான் வேண்டும்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. தலைப்பை ஏற்பதற்கு முன், மாணவரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதில் மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கட்டும். மாவட்டத்தின் பரப்பளவு வேண்டாம். இரண்டாவது, வாய்மொழித் தேர்வில் முதல் வினாவை முதல் இயலிலிருந்தே கேளுங்கள். கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் எழுதுவோம்.

நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். முதல் இயலை இரண்டு முறை எழுதுங்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் எழுதி மேசைமேல் ஒட்டி வையுங்கள். வழி தவறும்போதெல்லாம் அது திருப்பிவிடும். கடைசி இயலை முடித்த பின் மீண்டும் அமர்ந்து முழுதாக எழுதுங்கள். எதைத் தேடிப் புறப்பட்டோம், எது கிடைக்கவில்லை, எதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் நமக்கே தெரியும். ‘இன்னதை நான் பார்க்கவில்லை’ என்று எல்லையில் எழுத வெட்கப்பட வேண்டாம். அடுத்த ஆண்டு வரும் தம்பியோ தங்கையோ அந்த இடத்திலிருந்து தொடங்குவார்.

2022ஆம் ஆண்டு விதிகளால் எம்.ஃபில். படிப்பும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆய்வுப் பட்டத்துக்குப் போகும் வசதியில்லாத நம்மில் பலருக்கு, முதுகலை ஆய்வேடு ஒன்றே வாழ்நாளில் செய்யும் ஆய்வு. ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பில் நமக்கென்று ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவோம்.